ஜோவின் தொப்பி: ஒரு வாசிப்பு நோட்டின் நிகழ்வு ஆய்வு

அக்கா மகள் இந்த வருடம் பி.ஏ. ஆங்கில இலக்கியம், மூன்றாம் ஆண்டு. போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "மாமா, விக்டோரியன் பேப்பருக்கு பர்சனல் ரெஸ்பான்ஸ் எழுதச் சொல்லியிருக்காங்க. அதுல என்னதான் எழுதணும்? உங்க பழைய நோட்டு இருந்தா அனுப்புங்களேன்."

நோட்டு இருந்தது. பரணில், அட்டை போட்டு லேபிள் ஒட்டிய லாங் சைஸ் நோட்டு. போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் இறக்கினேன், பத்துப் பக்கம் புரட்டியதும் அனுப்ப மனசு வரவில்லை, ஏனென்றால் அதில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கோடுகளுக்குள் நீல மையில், ஆங்கிலத்தில் ஒருவன். மார்ஜினில் பென்சிலால், தமிழில் இன்னொருவன். இரண்டும் நான்தான், ஆனால் இவனுக்கு அவனை முன்பின் தெரிந்த மாதிரியே இல்லை.

அதனால் அந்த நோட்டையே ஒரு கேஸாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரே மாணவன், ஒரே செமஸ்டர், நான்கு நாவல்கள். இதை வைத்து மற்ற மாணவர்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மாணவன்

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை, பஞ்சர் ஒட்டுவதுதான் முக்கால்வாசி வருமானம். வீட்டில் முதலில் காலேஜ் போனது நான். ஐந்தாவது செமஸ்டரில் விக்டோரியன் இலக்கியம், அதாவது விக்டோரியா ராணி காலத்து ஆங்கில இலக்கியம், ஒரு பேப்பர். வாரம் ஒருமுறை, படித்த பகுதிக்கு 'உன் சொந்த எதிர்வினை' என்று அரைப் பக்கம் எழுதித் தரவேண்டும், பத்துக்கு மார்க். சொந்த எதிர்வினை என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே.

கைடு ஒன்று வாங்கினேன். மையில் எழுதியது முழுக்க அதிலிருந்து கொஞ்சம் சொல் மாற்றி எழுதியதுதான். பென்சில் எதற்கு என்றால், படிக்கும்போது புரியாத சொல்லுக்கு அர்த்தம் குறிக்க. கொடுப்பதற்கு முன் அழித்துவிடுவேன் என்று நினைத்துத்தான் பென்சில். அர்த்தத்தோடு மற்றதும் சேர்ந்து வந்துவிட்டது, பல வாரம் அழிக்கவும் மறந்துவிட்டேன்.

ஜேன் அயர்: முப்பது பவுண்டு

முதல் நாவல் சார்லட் பிரான்டேயின் 'ஜேன் அயர்'. 1847இல் கரர் பெல் என்ற புனைபெயரில் வந்தது. மை சொல்கிறது: பெண்ணின் சுதந்திரத்தை வலியுறுத்தும் நாவல், கோதிக் கூறுகள் நிறைந்தது. பத்துக்கு எட்டு.

அதே பக்கத்து மார்ஜினில் பென்சில் கேட்கிறது: "30 பவுண்டுன்னா மாசம் எவ்வளவு?"

லோவுட் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும்போது ஜேனுக்கு வருடச் சம்பளம் 15 பவுண்டு. தார்ன்ஃபீல்டு வீட்டில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பாடம் சொல்லித்தர 30 பவுண்டு என்று கடிதம் வருகிறது, சரியாக இரண்டு மடங்கு. கைடில் இந்தச் சம்பள விவரம் எங்கேயும் கிடையாது. எனக்கோ அதுதான் கண்ணில் பட்டிருக்கிறது, வீட்டில் தினமும் நடந்த பேச்சே அதுதானே. அப்போது விட்ட கணக்கை இப்போது போட்டுப் பார்த்தேன். 30 பவுண்டு என்றால் 600 ஷில்லிங், மாதத்துக்கு 50. அந்தக் காலத்தில் மூன்று தொகுதியாக வரும் நாவலின் வழக்கமான விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது ஜேன் தன் கதையைத் தானே கடையில் வாங்கிப் படிக்க ஆசைப்பட்டால் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால்தான் மூடி என்பவரின் வாடகை நூலகத்துக்கு அவ்வளவு கூட்டம். வருடத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கட்டினால் மாற்றி மாற்றி எடுத்துப் படிக்கலாம். இந்தக் கணக்கை அன்றைக்கே மையில் எழுதியிருந்தால் அது கைடில் இல்லாத ஒரு பக்கமாக இருந்திருக்கும். எழுதவில்லை, காசைப் பற்றி எழுதினால் இலக்கியம் ஆகாது என்று எண்ணம்.

பென்சிலில் வேறு என்ன இருக்கிறது? நரகத்துக்குப் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று லோவுட்டை நடத்தும் ப்ராக்கிள்ஹர்ஸ்ட் மிரட்டுகிறார், உடம்பை நன்றாக வைத்துக்கொண்டு சாகாமல் இருக்க வேண்டும் என்கிறாள் பத்து வயது ஜேன். பக்கத்தில் "சபாஷ்". லோவுட்டில் கருகிய கஞ்சி கொடுக்கும் இடத்தில் "ஹாஸ்டல்". எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு பொறுமை பேசும் சக மாணவி ஹெலன் பர்ன்ஸ் மேல் எரிச்சல்: "இவளுக்கு ஏன் கோபமே வரல? நடிக்கிறாளா?"

இந்தக் கடைசி வரியைப் பார்க்கத்தான் இப்போது சங்கடமாக இருக்கிறது. லோவுட்டுக்கு மாதிரி, பிரான்டே சகோதரிகள் படித்த கோவன் பிரிட்ஜ் பள்ளி. அங்கே படித்துக்கொண்டிருந்தபோது நோய் பிடித்து மூத்தவர்கள் மரியாவும் எலிசபெத்தும் 1825இல் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஹெலன் அந்த மரியாதான். இது தெரிந்தபின் எரிச்சல் போய்விட்டதா என்றால், முழுசாகப் போகவில்லை. தங்கை தன் செத்துப்போன அக்காவை அவ்வளவு நல்லவளாக எழுதியிருப்பதில் வேறு ஒரு வலி தெரிகிறது, அவ்வளவுதான். எரிச்சலும் அந்த வலியும் இரண்டுமே இருக்கட்டும்.

பெர்த்தா மேசனைப் பற்றி மை அரைப் பக்கம் எழுதுகிறது, பென்சில் ஒரே வரி: "இவ ஒரு வார்த்தை கூட பேசலையே." தார்ன்ஃபீல்டு வீட்டு எஜமான் ராச்செஸ்டர் ஜமைக்காவிலிருந்து கல்யாணம் செய்து கூட்டிவந்து மாடியில் பூட்டிவைத்த மனைவி. அவள் சிரிப்பதும் உறுமுவதும் கேட்கிறது, அவள் பக்கத்துக் கதை கேட்பதில்லை. டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரைஸ் இதே குறைக்காக 1966இல் ஒரு முழு நாவலே எழுதினார் என்பது எம்.ஏ. வகுப்பில்தான் தெரியவந்தது. அன்றைக்கு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

இன்னொன்று, சின்ன விஷயம். ஜேனின் உறவுக்காரப் பாதிரி செயின்ட் ஜான் ரிவர்ஸ் மதப்பிரசாரத்துக்கு இந்தியா போகத் தயாராகிறான், ஜேனையும் ஹிந்துஸ்தானி படிக்க வைக்கிறான். பென்சில்: "தமிழ் இல்லையா?!" இரண்டு குறி போட்டிருக்கிறேன்.

ஜோ வருகிறான்

இரண்டாவது நாவல் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. இந்தக் கேஸின் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இது தொடர்கதையாக வந்தது. டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வாரப் பத்திரிகையில் சார்ல்ஸ் லீவர் எழுதிய தொடர் சரியாகப் போகாமல் விற்பனை சரிய, தன் கதையை இறக்கினார் டிக்கன்ஸ். 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை, 36 வாரம். தொடர்கதை என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா விகடனிலிருந்தும் கல்கியிலிருந்தும் கிழித்து, நூல் போட்டுத் தைத்து வைத்த தொடர்கள் வீட்டில் இருந்தன, நடுநடுவே ஒரு வாரம் காணாமல் போயிருக்கும். ஆனால் அப்போது இந்த இரண்டையும் நான் சேர்த்தே யோசிக்கவில்லை. அது அம்மா படிப்பது, இது கிளாசிக்.

பிப் என்ற அனாதைப் பையனை அக்கா அடித்து வளர்க்கிறாள், அக்கா புருஷன் ஜோ கார்கெரி, கொல்லன், அன்பாக வளர்க்கிறான். பேர் தெரியாத ஒருவர் பணம் கொடுத்து பிப்பை லண்டனுக்கு ஜென்டில்மேன் ஆக அனுப்புகிறார். 27ஆவது அத்தியாயத்தில் ஜோ அவனைப் பார்க்க லண்டன் வருகிறான். காசு கொடுத்து அவனை வரவிடாமல் தடுக்க முடிந்திருந்தால் கட்டாயம் கொடுத்திருப்பேன் என்று பிப்பே ஒத்துக்கொள்கிறான். ஜோ நல்ல உடுப்பு போட்டு வந்திருக்கிறான், அது அவனுக்குப் பொருந்தவே இல்லை. தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணப்பு மாடத்தின் ஓரத்தில் வைக்கிறான், அது விழுந்துகொண்டே இருக்கிறது, இவன் எழுந்து எழுந்து பிடிக்கிறான். எல்லாவற்றையும் விட, தான் தூக்கி வளர்த்த பையனை ஒரு வாக்கியத்தில் பழைய மாதிரி பிப் என்கிறான், அடுத்த வாக்கியத்தில் "சார்" என்கிறான்.

இந்த வாரத்து நோட்டுப் பக்கத்தில் மை மூன்று வரிதான் இருக்கிறது. வர்க்க உணர்வு, நகைச்சுவை, பிப்பின் வீழ்ச்சி. அப்புறம் மை நின்றுவிடுகிறது. பென்சில் இடது மார்ஜினில் தொடங்கி, கீழே இறங்கி, வலது பக்கம் ஏறி, மேலே வந்து முடிகிறது. நோட்டைச் சுற்றிச் சுற்றித்தான் படிக்க முடியும்.

விஷயம் இதுதான். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்றிதழ் கடைசி நாள். அப்பா கடையை அடைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு நேராக காலேஜுக்கு வந்துவிட்டார். கேன்டீன் வாசலில் நான் நண்பர்களோடு நின்றிருந்தேன், கொஞ்சம் இங்கிலீஷ் பேசுகிற கூட்டம், அதில் ஒட்டிக்கொள்ள நான் ஒரு வருடமாகப் படாத பாடு பட்டிருந்தேன். அப்பா நெருங்கி வந்தார். என் கூட நின்ற, என் வயசுப் பையனைப் பார்த்து "வணக்கம் சார்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, கவரை நீட்டி, "இந்தாங்க, தாசில்தார் கையெழுத்து போட்டுட்டாரு, பாத்துக்கங்க" என்றார்.

பிறந்ததிலிருந்து வாடா போடாதான். கோபம் வந்தால் அதைவிடக் கீழே. அன்றைக்கு மட்டும் இந்தாங்க, பாத்துக்கங்க. நான் "சரிங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் யாரென்று கேட்டார்கள். ஊர்க்காரர் என்றேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமே சொன்னதில்லை. 27ஆவது அத்தியாயத்தில் ஜோ "சார்" என்றதும் பென்சில் தானாக ஓடியிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த 'சார்' படிக்கும்போது, ஒரு பிரிட்டிஷ் மாணவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது 'இந்தாங்க' என்றுதான் கேட்டது. ஒருமையிலிருந்து பன்மைக்குப் போகும்போது பாசம் எங்கே நிற்கிறது என்பது தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் காதிலேயே தெரியும். அதற்குக் கைடு வேண்டாம்.

அந்த வாரம் பென்சிலை அழிக்காமலே கொடுத்துவிட்டேன். மறதியா, வேண்டுமென்றேயா என்று இப்போது சொல்ல முடியவில்லை. நோட்டு திரும்பி வந்தபோது சிவப்பு மையில்: பகுப்பாய்வு இல்லை. பத்துக்கு நாலு. செமஸ்டரிலேயே குறைந்த மார்க் அதுதான். அந்த ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, அறுபது நோட்டு திருத்துகிறவர் ஓரத்தில் சுற்றி எழுதியதையெல்லாம் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் விளைவு என்னவோ நடந்துவிட்டது. அடுத்த மூன்று வாரம் மார்ஜின் சுத்தமாக இருக்கிறது.

அதன்பின் கதையில் வந்ததையெல்லாம் மை நல்ல பிள்ளையாகச் சுருக்கி எழுதியிருக்கிறது. பணம் கொடுத்தது சீமாட்டி மிஸ் ஹாவிஷம் இல்லை, நியூ சவுத் வேல்ஸுக்கு நாடு கடத்தப்பட்ட கைதி மாக்விச் என்று தெரியும் இடம், மாக்விச்சின் மரணம், எல்லாம். பென்சில் மறுபடி வருவது ஜோ வரும்போதுதான். பிப் காய்ச்சலில் கிடக்கிறான், ஜோ வந்து கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறான். உடம்பு தேறத் தேற ஜோ மறுபடி "சார்" சொல்ல ஆரம்பிக்கிறான். ஒருநாள் விடியற்காலையில் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுகிறான், ஒரு சின்னக் கடிதம், அதற்குள் பிப்பைக் கைது செய்ய வந்த கடனைக் கட்டிய ரசீது. நகைக்கடைக்காரனுக்கு 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு கொல்லனுக்கு அது எத்தனை வருடச் சேமிப்பு? பென்சிலில் அந்தத் தொகைக்கு அடியில் மூன்று கோடு, சொல் எதுவும் இல்லை.

பிற்பாடு தெரிந்துகொண்ட ஒன்றை இங்கேயே சேர்த்துவிடுகிறேன். டிக்கன்ஸுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, 1824இல், அப்பா கடனுக்காக மார்ஷல்ஸி சிறையில். பையன் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டப் போனான். இதை டிக்கன்ஸ் தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. அவர் 1870இல் இறந்தபின், நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலம்தான் உலகத்துக்கே தெரிந்தது. இங்கிலாந்திலேயே பேர் பெற்ற எழுத்தாளர், சாகும்வரை 'ஊர்க்காரர்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு வந்தது ஆறுதலா என்னவென்று தெரியவில்லை, மனசு லேசானது மட்டும் நிஜம்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சில நிமிடம் பார்த்துப் பிரிகிறார்கள், அவ்வளவுதான். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதால் மாற்றி, இடிந்த வீட்டுத் தோட்டத்தில் இருவரும் கைகோத்துப் போகிற மாதிரி எழுதினார். எது சிறந்தது என்று இன்றும் சண்டை நடக்கிறது. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய அக்கறை இல்லை. என் கணக்கில் கதை ரசீதோடு முடிந்துவிட்டது.

மிடில்மார்ச்

ஜார்ஜ் எலியட், 1871-72, எட்டுப் பகுதி. மூன்றாவது பகுதியோடு விட்டுவிட்டேன், மீதி கைடு. மை இதைப் பற்றி ஏழு பக்கம் எழுதி ஒன்பது மார்க் வாங்கியிருக்கிறது. வருடக்கணக்காக ஒரே ஆராய்ச்சியைக் கட்டி அழும் காசாபனுக்கு ஜெர்மன் தெரியாது, அவர் தேடுவதை ஜெர்மானியர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள் என்று அவருடைய உறவுக்காரன் லாடிஸ்லா சொல்லும் இடத்தில் பென்சில் "பாவம்" என்று எழுதியிருக்கிறது. உருப்படியான வரி அது ஒன்றுதான். முப்பது வயதுக்கு மேல்தான் முழுசாகப் படித்தேன்.

டெஸ், அடுப்படி

கடைசி நாவல் தாமஸ் ஹார்டியின் 'டெஸ்'. தீபாவளி லீவில் வீட்டில் வைத்துப் படித்தது. ஹாஸ்டலில் இருந்திருந்தால் இதுவும் மையோடு போயிருக்கும். வீட்டில் அம்மா அடுப்படியில் முறுக்கு பிழிய, நான் எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தோடு இருந்தேன். என்னடா கதை என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன்.

தமிழில் சொல்லும்போது என்ன ஆகிறது என்றால், கருப்பொருள், குறியீடு எதுவும் வாயில் வருவதில்லை. குதிரை செத்துப்போச்சு, அதை வச்சுத்தான் அவங்க பொழப்பு, அதனால பொண்ண பணக்கார வீட்டுக்கு அனுப்புறாங்க என்றுதான் வருகிறது. அம்மாவுக்கு உடனே புரிந்தது. அடிமாட்டுக்கு விற்காமல் அந்தக் குதிரையை டெஸ்ஸின் அப்பா புதைக்கிறார் என்றதும் "அந்தக் குடிகாரனுக்கு அந்த அளவுக்காவது ஈரம் இருக்கே" என்றார்.

கல்யாண ராத்திரி வந்தது. புருஷன் ஏஞ்சல், தான் லண்டனில் ஒரு பெண்ணோடு நாற்பத்தெட்டு மணி நேரம் இருந்ததைச் சொல்கிறான், டெஸ் மன்னிக்கிறாள். அந்தப் பணக்கார வீட்டுப் பையன் தன்னைக் கெடுத்ததையும் குழந்தை பிறந்து செத்ததையும் அவள் சொல்கிறாள், அவனால் மன்னிக்க முடியவில்லை. என் பென்சில் இங்கே தாளைக் கிழித்திருக்கிறது. நான் ஏஞ்சலைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வேறு பக்கம் போனார். கல்யாணத்துக்கு முன் டெஸ் தன் அம்மாவுக்கு எழுதிக் கேட்டாளே, அந்த அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டார். எந்தக் காரணத்தைக் கொண்டும் அவனிடம் மூச்சு விடாதே என்று எழுதினாள் என்றேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா."

நான் வாதாடினேன். நேர்மை அது இது என்று. அம்மா முறுக்கைத் திருப்பிப் போட்டபடியே, "நேர்மையா இருந்து என்னடா கெடச்சிது அவளுக்கு?" என்றார். முன்கூட்டியே டெஸ் எழுதி, கதவுக்கு அடியில் தள்ளிய கடிதம் கம்பளத்துக்குள் போய்விட்டதைச் சொன்னபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

கைடு டெஸ்ஸின் அம்மா ஜோன் டர்பிஃபீல்டைப் பொறுப்பில்லாத தாய் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. அம்மா சொன்னதை அப்படியே மையில், தட்டுத்தடுமாறிய என் ஆங்கிலத்தில், எழுதினேன்: ஜோன் கெட்ட தாய் அல்ல, உலகம் எப்படி என்று தெரிந்த தாய். பென்சிலில் இருக்க வேண்டியது முதல்முறையாகக் கோட்டுக்குள் வந்தது. ஏழு மார்க். இலக்கணப் பிழைக்கு மூன்று போயிருக்க வேண்டும்.

ஹார்டிக்கும் இந்த மை, பென்சில் பிரச்சினை இருந்தது என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. 1891இல் 'தி கிராஃபிக்' வாரப் பத்திரிகைக்கு, குடும்பமாக உட்கார்ந்து படிப்பார்கள் என்பதற்காக, டெஸ்ஸுக்கு நேர்ந்த கொடுமையை எடுத்துவிட்டு ஒரு போலிக் கல்யாணத்தை வைத்தார். குழந்தைக்கு அவளே ஞானஸ்நானம் செய்யும் அத்தியாயத்தைத் தனியே வேறு பத்திரிகைக்குக் கொடுத்தார். வெள்ளத்தில் நிற்கும் பால்காரப் பெண்களை ஏஞ்சல் கையில் தூக்கிக்கொண்டு கடப்பதுகூடப் பத்திரிகைக்கு ஆகாது என்று, ஒரு தள்ளுவண்டியை வரவழைத்து அதில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி மாற்ற வேண்டியிருந்தது. புத்தகமாக வரும்போது தூக்கிக்கொண்டு போகவிட்டார். என் நீல மை முழுக்கத் தள்ளுவண்டிதான்.

அக்கா மகளுக்கு நோட்டை அனுப்பவில்லை. போன் பண்ணி, கைடைப் பார்க்கும் முன் எந்த இடத்தில் நின்றாய், யாரைத் திட்டினாய், எதைப் படிக்காமல் தாண்டினாய், அதைத் தமிழில் எழுதிவிட்டு அப்புறம் மற்றதைப் பார் என்றேன். "மார்க் வருமா மாமா?" என்றாள். வராமலும் போகலாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்கு ஜோ கதையைச் சொன்னேன். வரும் வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். தொப்பி விழுவதைச் சொன்னதும் சிரித்தார். முடித்துவிட்டு, அன்றைக்கு காலேஜுக்கு வந்தபோது என்னை ஏன் வாங்க போங்க என்று கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அப்படியா கூப்பிட்டேன்? ஞாபகம் இல்லையே." கொஞ்ச நேரம் யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். அப்புறம், "அந்த தொப்பி கடைசியில என்னடா ஆச்சு?" என்றார்.

டீ மண்டி ஊற்றி வைக்கும் கிண்ணத்தில் விழுந்தது, பிப்தான் எடுத்தான் என்றேன்.